ஒரே வளையத்துக்கு இரண்டு வாசல்

வியாபாரிகள் சங்க மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் வீடு தேடி வந்தார். என் வாழ்க்கைக்கு மலர் போதாது, தனிப் புத்தகம்தான் போட வேண்டும். தவிர, அது கடைத்தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் குக்கர் பழுது பார்த்தவன், இன்று கடையும் பட்டறையுமாக நிற்கிறேன். இதை நானே சொல்லிச் சொல்லி இந்தத் தெருவில் பல பேருக்குக் காது புளித்துப் போயிருக்கிறது. ஆகவே இந்த வருடம் என் மருமகளைப் பற்றி எழுதுகிறேன். அவளை என் பையனுக்குப் பார்த்து முடித்தவன் நான்தான் என்பதால், அவளைப் புகழ்ந்தால் எனக்கும் அதில் பங்கு உண்டு. வியாபாரி சும்மா புகழ மாட்டான்.

வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். சட்டம் படித்தவள் அல்ல. கல்லூரியில் செடிகொடிகளைப் பற்றிப் படித்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருக்கிறதே என்று முகத்தைச் சுளித்தேன். "தப்பு உப்பு மேலயா, உங்க நாக்கு மேலயான்னு விசாரிச்சிடலாம் மாமா" என்றாள். என் மனைவி புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். முப்பது வருடமாக என்னிடம் அவள் கேட்க நினைத்த கேள்வி அது போலிருக்கிறது. அன்றே பெயர் வைத்துவிட்டாள்.

எங்கள் கடை எது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குக்கருக்கு ரப்பர் வளையம், விசில், வால்வு, கைப்பிடி, எது உடைந்தாலும் என்னிடம் கிடைக்கும். அடுப்புக்குப் பர்னர், குழாய், திருகு என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் தம்பி கடை. குக்கர் சாமானில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அடுப்பில் தம்பி கெட்டிக்காரன். அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனாலும் இரண்டு கடையிலும் இரண்டு வகைச் சாமானும் கிடைக்கும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம். எதைச் செய்தாலும் இரண்டாகச் செய்வோம். எனக்கு ஒரு பெயர்ப்பலகை என்றால் தம்பிக்கும் அதே அளவில் ஒன்று. அவனுக்குக் குடை வாங்கினால் எனக்கும் அதே குடை. இதனால்தான் நாங்கள் இத்தனை காலமும் ஒரு நாள்கூட முகம் கோணாமல் இருந்தோம். என் பையன் கடைக்கு இணையதளம் வைத்தபோதும் அதே நியாயம்தான். தம்பி முகம் கொஞ்சம் வாடியது. உடனே இணையதளமும் செய்து தருகிற பேனர்க்காரரைக் கூப்பிட்டு, அதே சாமான், அதே படம், அதே எழுத்து, போன் நம்பரை மட்டும் மாற்றி, தம்பி பெயரில் இன்னொன்று வைத்தோம். ஒரு வளையத்துக்கு என் பெயரில் ஒரு பக்கம், அவன் பெயரில் ஒரு பக்கம். பேனர்க்காரர் உற்சாகமாகி, அதையே 'ரிங்' என்று ஒரு தரமும் 'காஸ்கெட்' என்று ஒரு தரமும் நகல் எடுத்துப் போட்டார். வாசல் அதிகமானால் ஆள் அதிகம் வரும் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

பையன் சரக்கு வாங்க ஊர் ஊராகச் சுற்றுகிறவன். இணையதளத்தை மனைவியின் தலையில் கட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கடைக்கு மேலே, ரப்பர் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேஜை போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். சன்னல் வழியாகப் பார்த்தால் கீழே என் கல்லாப்பெட்டியும் என் வழுக்கைத் தலையும் தெரியும். அந்த அறைக்குள் போனால் புது டயர் கடைக்குள் போனது போல வாசனை. "மூக்கு பழகிடுச்சு மாமா, இப்ப வெளிய போனாத்தான் ஏதோ குறையுது" என்பாள்.

வெளியூரிலிருந்து போனில் கூப்பிட்டுச் சாமான் கேட்கிறவர்கள்தான் பட்டறைக்கு உயிர். அந்த அழைப்புகள் மெல்ல மெல்லக் குறைந்தன. பட்டறையில் வளையம் வெட்டும் பெண்கள் மதியத்துக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு கதை பேச ஆரம்பித்தார்கள். ஒரு நாள் வக்கீல் படியிறங்கி வந்து, என் முன்னால் போனை வைத்தாள்.

"மாமா, குக்கர் ரப்பர்னு தேடுங்க."

தேடினேன். நேற்று முளைத்த கடையெல்லாம் மேலே நின்றது. விரல் வலிக்கத் தள்ளியும் எங்கள் பெயரைக் காணோம்.

"என்னம்மா இது, நம்மள யாராவது மறைச்சு வெச்சிட்டாங்களா?"

"நாமளே மறைச்சுக்கிட்டோம். தேடுபொறி வந்து பாக்குது. ஒரே சாமான், ஒரே எழுத்து, பல பக்கம். எது அசல், எது நகல்னு அதுக்குப் புரியல. ஒரு நாள் உங்களைக் காட்டும், ஒரு நாள் சின்ன மாமாவைக் காட்டும். நம்மளப் பத்தி நாலு பேர் நல்லது சொன்னாலும் அது நாலு பக்கமாச் சிதறிப் போகுது. தனித்தனியா தராசுல வெச்சா ரெண்டு பேருமே லேசு."

"என்னையா லேசுங்கற?"

"உங்களை இல்ல மாமா. உங்க பக்கத்தை."

அவள் சொன்ன வழி இதுதான். இரண்டு கடைக்கும் பொதுவாக ஒரு புது முகவரி. ஒரு சாமானுக்கு ஒரே பக்கம். அதில் இரண்டு கடையின் போன் நம்பரும் இருக்கும். பழைய பக்கங்களைத் தேடி வருகிறவர்களை, அந்தந்தச் சாமானின் புதுப் பக்கத்துக்கே கொண்டு போய் விடுவது. விலைவாரியாக, அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும்போது தானாக உண்டாகும் நகல்கள் இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றின் உள்ளே 'மூலம் அங்கே இருக்கிறது' என்று ஒரு குறிப்பு வைப்பது. அந்தக் குறிப்பு வாங்க வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும்.

எனக்கு உடனே புரிந்தது. எனக்கு எதுவும் உடனே புரியும். தம்பிக்குத்தான் புரிய வைக்க வேண்டியிருந்தது. அவன் வீட்டில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். பேனர்க்காரரும் வந்திருந்தார்.

"அப்போ என் பக்கம்?" என்றான் தம்பி.

"உங்க பக்கத்துக்கு வர்றவங்க எல்லாரும் புதுப் பக்கத்துக்கு வந்துடுவாங்க சின்ன மாமா."

"அதான் கேக்கறேன். என் பக்கம் என்ன ஆகும்?"

அவள் பதில் சொல்வதற்குள் பேனர்க்காரர் குறுக்கே வந்தார். "இதுக்கு எதுக்கும்மா ஒவ்வொண்ணா உக்காந்து பாக்கணும்? பழசு எல்லாத்தையும் புதுசோட முதல் பக்கத்துக்குத் திருப்பி விட்டா, ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிஞ்சிடும். அதுலயும் தற்காலிகம்னு போட்டு வெச்சா, பிடிக்கலைன்னா திரும்பிக்கலாம்."

இங்கே வக்கீலின் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். எங்கே புதுக் கட்டடம் எழும்புகிறதோ அங்கே குடி போவார்கள். சட்டி பானை இறக்கி வைத்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வீடு. ஒரு முறை அவள் பெரியம்மா, வெகு தூரத்திலிருந்து பை நிறையத் துணிமணியும் தின்பண்டமும் சுமந்துகொண்டு பழைய வீட்டுக்கு வந்திருக்கிறாள். வீட்டுக்காரி கையை வீசி, "அந்தப் பக்கமா எங்கயோ போயிட்டாங்க" என்றாளாம். பெரியம்மா அந்தப் பக்கமெல்லாம் பொழுது சாயும் வரை அலைந்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள். வேண்டாம் என்றுதான் சொல்லாமல் போய்விட்டார்கள் என்று நினைத்தவள், வருடக்கணக்கில் தங்கையோடு பேசவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடு மாறும்போதும் இந்தப் பெண் பழைய வீட்டுக் கதவில் சாக்பீஸால் எழுதிவிட்டு வருவாளாம். தெருப் பெயர் மட்டும் அல்ல. எந்தத் திருப்பம், கேட் என்ன நிறம், எத்தனையாவது படிக்கட்டு என்று எல்லாம்.

அன்று மேஜையில் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"விசில் வேணும்னு வர்றவங்களை முதல் பக்கத்துல கொண்டு வந்து விட்டா, அந்தப் பக்கமாப் போனாங்கன்னு கையை வீசின மாதிரிதான் அண்ணா. அவங்க தேடிக்கிட்டு நிக்க மாட்டாங்க, பஸ் ஏறிடுவாங்க. தேடுபொறியும் இது வேற ஏதோ இடம்னு விட்டுடும். தற்காலிகம்னு எழுதினா, நாம திரும்பி வருவோம்னு நெனச்சுப் பழைய வீட்டையே காவல் காக்கும். நிரந்தரமா மாறிட்டோம்னு சொல்லணும். ஒவ்வொரு சாமானுக்கும் சொல்லணும்."

பேனர்க்காரர் எங்கேயோ பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தார். பஸ் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது.

தம்பி ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டான். "சரிம்மா, உன் வழிக்கே வர்றேன். பள்ளிக்கூட லீவு முடியற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள போன் கூடலைன்னா, அவங்கவங்க பக்கம் அவங்கவங்களுக்கு. வெப்சைட்டு இந்தப் பேனர்க்காரர் கைக்குப் போயிடும். நீ கீழ வந்து உங்க மாமனாரோட கல்லாவைப் பாத்துக்க. என்ன?"

நான் வாயைத் திறக்கும் முன் அவள் "சரி சின்ன மாமா" என்றாள். கல்லாவில் என்னோடு உட்காருவது அப்படி என்ன தண்டனை என்று எனக்குப் புரியவில்லை. என் மனைவியிடம் கேட்டேன். "உங்க கூட ஒரு நாள் முழுக்க உக்காந்து பாருங்க, தெரியும்" என்றாள்.

பிறகு வக்கீல் மேலே ஏறினாள். எந்தப் பழைய பக்கம் எந்தப் புதுப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பெயர் ஒன்று போல இருந்தால் போதாது. படத்தைப் பார்த்து, அளவைப் பார்த்து, சந்தேகம் வந்தால் கீழே வந்து வளையத்தைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டுப் போவாள். தயாரிப்பு நின்றுபோன சாமான்கள் சில இருந்தன. அவற்றையும் வேறு எதற்காவது திருப்பிவிடலாமே என்றேன்.

"இல்லாததை இல்லைன்னு சொல்லிடணும் மாமா. கைப்பிடி கேட்டு வந்தவர்கிட்ட விசிலைக் காட்டினா நீங்க சும்மா இருப்பீங்களா?"

கடையில் அப்படி யாராவது செய்தால் நான் உரித்து உப்பைத் தடவிவிடுவேன்.

மாற்றம் நடந்தது. முதலில் போன் இன்னும் குறைந்தது. இது நடக்கும் என்று அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள்: தேடுபொறி எல்லாப் பக்கங்களையும் ஒரு சுற்று வந்து, யார் எங்கே போயிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவகாசம் வேண்டும். மெதுவாகக் குக்கர் சாமான்கள் மேலே வர ஆரம்பித்தன. பட்டறைப் பெண்கள் மதியத்துக்கு மேலும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் அடுப்புச் சாமான்கள், தம்பியின் கோட்டை, ஏறுவதும் இறங்குவதுமாகத் தள்ளாடின. வக்கீல் சாப்பிடும்போதும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். லீவு முடியும் தருணம் நெருங்கியது.

அப்போதுதான் இரண்டு கடைக்கும் பழக்கமான ஒரு விடுதிச் சமையல்காரர் கடைக்குள் புயலாக வந்தார். பெரிய அடுப்பின் பர்னர் போய்விட்டதாம்.

"என்னங்க, கடையை மூடிட்டீங்களா? போன் அடிச்சா, இந்த நம்பர் உபயோகத்துல இல்லைன்னு ஒரு பொண்ணு பாட்டுப் பாடுது. நான் நேர்ல வராம இருந்திருந்தா வேற கடைக்குப் போயிருப்பேன்."

சத்தம் கேட்டு வக்கீல் இறங்கி வந்தாள். "அண்ணா, எந்தப் பக்கத்துல நம்பரைப் பாத்தீங்க? காட்டுங்க."

அவர் காட்டினார். அவள் பார்த்தாள். போனை என் பக்கம் திருப்பினாள். அது தம்பியின் பழைய பக்கம். திருப்பிவிடப்பட்டிருக்க வேண்டிய பக்கம் உயிரோடு, உடம்போடு எழுந்து உட்கார்ந்திருந்தது. அதில் இருந்தது தம்பி எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்ட பழைய லேண்ட்லைன் நம்பர்.

சமையல்காரருக்குப் பர்னரைக் கொடுத்து அனுப்பிவிட்டு, இரண்டு பேரும் பாலத்தைத் தாண்டிப் போனோம். வழியெல்லாம் நான் தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தேன். "மாமா, அங்க வந்து நீங்க பேசக் கூடாது" என்றாள். என்னைப் பேசக் கூடாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். இல்லை, இரண்டாவது ஆள்; என் மனைவியை விட்டுவிட்டேன்.

தம்பி கல்லாவில் இருந்தான். எங்களைப் பார்த்ததும் பர்னர் ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். புதுப் பர்னரை எதற்குத் துடைக்க வேண்டும்?

"சின்ன மாமா, உங்க போன்ல உங்க கடைப் பர்னரைத் தேடுங்களேன்."

தேடினான். கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்ததும் அவன் பெயர் வந்தது. முகம் மலர்ந்தது. "இதோ இருக்கேன் பாரு! நான்தான் பேனர்க்காரர்கிட்ட சொல்லி, அவர் வெச்சிருந்த பழைய நகலைத் திரும்பப் போடச் சொன்னேன். தப்பா நெனச்சுக்காதம்மா. வியாபாரம் வேற, வீடு வேற."

"தப்பா நெனக்கல. அந்த நம்பரை அமுக்குங்க."

அமுக்கினான். கடை முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெண் குரல் வந்தது. நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை. தம்பி இன்னொரு முறை அமுக்கினான். அவள் இன்னொரு முறை பாடினாள்.

"இதுதான் உங்க பக்கம் சின்ன மாமா. ஆள் வர்றாங்க, கதவு தட்டறாங்க, உள்ள யாரும் இல்ல. இது எழுந்து உக்காந்ததுனால பொதுப் பக்கமும் தள்ளாடுது. திரும்பவும் ரெண்டு அசல் ஆயிடுச்சு."

தம்பி போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு சொன்னான்: "பேரு போயிடும்னு பயந்துட்டேன்மா. அண்ணன் பேரு மேல, என் பேரு எங்கயோ கீழ இருக்கும்னு..."

"புதுப் பக்கத்தை ஒரு தடவையாவது தொறந்து பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. கடைக்கார இனத்தின் குணம் இது. போட்டிக்காரன் கடையைத் தினமும் நோட்டம் விடுவோம், நம் கடைப் பலகையை ஏறிட்டுப் பார்க்க மாட்டோம். அவள் பர்னரின் பொதுப் பக்கத்தைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள். மேலே, முதல் வரியில், தம்பி கடையின் பெயரும் இப்போதைய நம்பரும். அதற்குக் கீழேதான் என் பெயர். அடுப்புச் சாமான் எல்லாவற்றிலும் அப்படித்தான். குக்கர் சாமான்களில் நான் மேலே.

நானும் அன்றுதான் பார்த்தேன். என் பெயர் இரண்டாவதாக இருப்பதை என் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்த்தேன். வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேசக் கூடாது என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள். எதற்குச் சொன்னாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அடுப்புன்னா அவன்தானே" என்றேன்.

தம்பி என் முகத்தைப் பார்த்தான். இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்து அவன் கேட்டதில்லை. பேனர்க்காரருக்கு அவனே போன் போட்டான். "யோவ், நீ போட்டதைக் கழட்டு. எங்க மருமக எப்படி வெச்சிருந்தாளோ அப்படியே இருக்கணும். வெப்சைட்டுச் சாவியெல்லாம் அவகிட்ட குடுத்துடு. இனிமே என்ன செய்யறதா இருந்தாலும் அவளைக் கேட்டுட்டுச் செய்."

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. அடுப்புச் சாமான்கள் அப்போதும் முழுதாக ஏறவில்லை. நிபந்தனைப்படி பார்த்தால் வக்கீல் தோற்றிருக்க வேண்டும். தம்பி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, எடுத்த என்னிடம், "எந்த லீவு அண்ணே?" என்றான். மழைக்காலம் தொடங்கும்போது எங்கள் பர்னர் பக்கம் ஏறி மேலே உட்கார்ந்தது. இன்னும் உட்கார்ந்திருக்கிறது. வேண்டுமானால் தேடிப் பாருங்கள்.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மேலே மருமகளோடு பட்டறைக் கணக்கு பேசிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. கடல் தாண்டி எங்கேயோ இருக்கும் ஒரு பெண். அம்மாவின் பழைய குக்கரை எடுத்துப் போயிருக்கிறாள், வளையம் வேண்டும். அம்மா எப்போதோ அனுப்பிய செய்தியில் எங்கள் பழைய பக்கத்தின் முகவரி இருந்ததாம். அதைத் தொட்டாள், சரியாக அதே அளவு வளையத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"நாங்க புது முகவரிக்கு மாறிட்டோம் மேடம்" என்று வக்கீல் சொன்னாள்.

"அப்படியா? எனக்குத் தெரியவே இல்லையே" என்றாள் அந்தப் பெண்.

போனை வைத்த வக்கீல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மாமா, வீடு மாறினதே தெரியாம வந்து சேர்ந்துட்டாங்க" என்றாள். அந்தக் குரலில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். கதவில் சாக்பீஸால் எழுதிய பெண் அவள். வளையத்தை நானே எடுத்து, துடைத்து, பெட்டியில் வைத்தேன். புது வளையம்தான், துடைக்க வேண்டும் போலிருந்தது.

சங்கத்தார் கவனத்துக்கு: மலரில் போட என் போட்டோவைக் கேட்டிருந்தீர்கள். மருமகள் போட்டோவை அனுப்பியிருக்கிறேன். பழக்க தோஷத்தில் தம்பிக்கும் ஒரு பக்கம் என்று அதே கட்டுரையை இரண்டு இடத்தில் அச்சடித்துவிடாதீர்கள். வக்கீல் சும்மா விடமாட்டாள்.